310 ஆம் இலக்க பஸ்: இறங்கி மாறத் தேவையில்லாத பயணம்

வட லண்டனில் ஸ்டாம்ஃபோர்ட் ஹில்லுக்கும் கோல்டர்ஸ் கிரீனுக்கும் இடையே ஓடும் 310 ஆம் இலக்க பஸ்ஸைப் பற்றி எழுதுகிறேன். 2024 கோடை முடிந்த கையோடு ஓடத் தொடங்கியது. எத்தனையோ பஸ் ஓடும் ஊரில் இதைப் பற்றி மட்டும் ஏன் என்றால், "எங்களுக்குப் பயமாக இருக்கிறது" என்று ஒரு சமூகம் சொன்னதற்கு நகர நிர்வாகம் கொடுத்த பதில் இது. ஏறி உட்காரக்கூடிய பதில்.

ஸ்டாம்ஃபோர்ட் ஹில்லில் இருப்பது ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹரேதி (மத வழக்கங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும்) யூதக் குடியிருப்புகளில் ஒன்று. கோல்டர்ஸ் கிரீன், பிரித்தானியாவிலேயே அதிக யூதர்கள் வாழும் பார்னெட் கவுன்சிலுக்குள் வருகிறது. பெண் கொடுத்து எடுப்பது, பள்ளிக்கூடம், கோஷர் (யூத மத விதிப்படியான உணவு) கடை என்று இரண்டு பக்கத்துக்கும் ஓயாத போக்குவரத்து. ஆனால் நேரடி பஸ் இருக்கவில்லை. ஃபின்ஸ்பரி பார்க்கில் இறங்கி மாற வேண்டும். கறுப்புத் தொப்பி, நீள அங்கி, காதோரச் சுருள்முடி என்று தரிப்பில் நிற்கிற ஒருவர் யாரென்று தூரத்திலேயே தெரிந்துவிடும். அங்கே மாறும்போதுதான் ஏச்சும் மிரட்டலும் கேட்க நேர்ந்தது என்று அந்த மக்கள் மேயர் சாதிக் கானிடம் சொன்னார்கள். நேரடி பஸ் வேண்டுமென்று அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது பதினைந்து வருடத்துக்கும் மேலாக. 2023 அக்டோபரில் ஹமாஸ் தாக்குதலும் காஸா போரும் தொடங்கிய பிறகு பயம் இன்னும் கூடிவிட்டது. யூதர்களின் பாதுகாப்புக்காக இயங்கும் சி.எஸ்.டி. அமைப்பு 2024 இல் நாடு முழுவதும் 3,528 யூத எதிர்ப்புச் சம்பவங்களைப் பதிவு செய்தது. அதற்கு முந்தைய வருடம் அது நாலாயிரத்தையும் தாண்டியிருந்தது. 2024 மேயர் தேர்தல் நேரத்தில் கான் வாக்குக் கொடுத்தார், வென்ற சில மாதங்களில் பஸ் வந்துவிட்டது.

எனக்கு வீடு மேனர் ஹவுஸ் பக்கம். கோல்டர்ஸ் கிரீனில் ஒரு வயதான அம்மாவைப் பராமரிக்கும் வேலை. அதனால் இந்த பஸ்ஸை நான் நன்றாக அறிவேன்.

முதலில் கவனித்தது குழந்தை வண்டிகளை. ஒரு நாள் இரட்டைக் குழந்தை வண்டியோடு ஒரு தாய் ஏறினார். வண்டிக்குள் இரண்டு, கையைப் பிடித்தபடி ஒன்று, வண்டியின் பிடியில் பிளாஸ்டிக் பைகள். லண்டன் பஸ்ஸில் குழந்தை வண்டிக்கு இருக்கும் இடம் கொஞ்சம், சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் வண்டியை மடக்கத்தான் வேண்டும். முன்பென்றால் இத்தனையையும் ஃபின்ஸ்பரி பார்க்கில் இறக்கி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த தரிப்புக்குப் போய், அங்கே யார் என்ன சொல்வார்களோ என்று நின்று, மறுபடி ஏற்ற வேண்டும். அன்று ஃபின்ஸ்பரி பார்க் வந்தபோது அந்தத் தாய் தலையை நிமிர்த்தக்கூட இல்லை. சின்னவனுக்கு வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் புள்ளிகளில் பாதி அந்த வாழைப்பழத்துக்குத்தான்.

கொழும்பில் பஸ் ஏறுமுன் பொட்டை அழித்துவிட்டு ஏறியவர் என் அம்மா. அதனால் "பஸ்தானே, இதில் என்ன இருக்கிறது" என்று என்னால் கடந்து போக முடியாது.

எங்கள் பக்கத் தமிழ்க்கடைத் தம்பி ஒருநாள் கேட்டார்: "உது அவையளுக்கெண்டு தனியா விட்ட பஸ் எல்லே, அக்கா?" இல்லை. எல்லா பஸ்ஸையும் போல அதே சிவப்பு, அதே கட்டணம், யாரும் ஏறலாம். ஃபின்ஸ்பரி பார்க்கைச் சுற்றிக்கொண்டும் அது போவதில்லை, அதற்குள்ளால்தான் போகிறது. 2017 ஜூனில் நோன்புக் காலத் தொழுகை முடித்து வந்த முஸ்லிம்கள் மீது ஒருவன் வாகனத்தை ஏற்றியது இதே செவன் சிஸ்டர்ஸ் வீதிப் பக்கம்தான். வெறுப்பு யாரைத் தேடி வரும் என்பது அந்த இடத்து மக்களுக்கு நன்றாகவே தெரியும். ஹிஜாப் போட்ட பெண்கள் அங்கே ஏறி, பக்கத்து இருக்கைகளில் அமர்கிறார்கள். ஆர்ச்வே வரையாவது எல்லோரும் ஒன்றாகப் போகிறோம். இதைப் பிரிவினை என்று எழுதியவர்கள் ஒரு தடவை ஏறிப் பார்த்திருக்கலாம்.

சரி, குறைகளும் உண்டு. முதலாவது, ஒரு பஸ் பாதைக்கு இவ்வளவு வருடம் எடுத்திருக்கக் கூடாது. முதன்முதல் கேட்டபோது பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இப்போது பெற்றோர். இரண்டாவது, பஸ் விட்டதால் அந்தத் தரிப்பு பாதுகாப்பான இடமாக மாறிவிடாது. வேறு பக்கம் போகிறவர்கள் இன்னும் அங்கேதான் மாறுகிறார்கள். தரிப்பில் வெளிச்சம், பொலிஸ் நடமாட்டம், முறைப்பாட்டுக்கு உடனடி நடவடிக்கை, இவை வேறு வேலை. அதை பஸ் செய்யாது.

முறைப்பாடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முன்பு நான் இருந்த இடத்தில், எங்கள் கட்டட வாசலில் யாரோ நாஜிகளின் ஸ்வஸ்திகாவைக் கீறியிருந்தார்கள். மேல்மாடியில் ஒரு யூத முதியவர் தனியாக இருந்தார். அங்கிருந்த கவுன்சிலுக்கு இணையப் படிவம் நிரப்பினேன். குறிப்பு இலக்கம் வந்தது, "உங்கள் கவலையை மிக முக்கியமாகக் கருதுகிறோம்" என்று கடிதமும் வந்தது. கீறல் அப்படியே கிடந்தது. கடைசியில் கட்டடத்துப் பிள்ளைகள்தான் பெயின்ட் அடித்தார்கள். அந்தக் கடிதத்தையும் இந்த பஸ்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

பஸ்ஸுக்குள் யாரையாவது மதத்தையோ நிறத்தையோ சொல்லி ஏசுவதைக் கண்டால் பஸ் இலக்கம், நேரம், போகும் திசை மூன்றையும் குறித்துக்கொண்டு பொலிஸுக்குத் தாமதிக்காமல் சொல்லுங்கள். கேமராப் பதிவை அதிக நாள் வைத்திருக்க மாட்டார்கள். ஏச்சு வாங்கியவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அதற்கு ஆங்கிலம் தேவையில்லை.

நம்மவர்களுக்கும் இது உதவும். ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் ஆர்ச்வேயில் இறங்கி 43, 134, 263 எதிலாவது ஏறலாம். முதல் பஸ்ஸில் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் என்றால் இரண்டாவது பஸ்ஸுக்குக் காசு இல்லை.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். 210 ஆம் இலக்க பஸ் போல இது அடிக்கடி வருவதில்லை, அந்த ஒன்றைக் குறைத்தது அதற்காக. குறிப்பாக மாரிக்கால வெள்ளிக்கிழமைகள். டிசம்பரில் நாலு மணிக்கு முன்னமே சூரியன் மறைந்துவிடும். அதற்கு முன் சபாத் (யூதர்களின் வாராந்த ஓய்வு நாள்) தொடங்கிவிட்டால் அவர்கள் வாகனம் ஏற மாட்டார்கள். மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை அந்த நாளில் மட்டும் கூடுதலாக இரண்டு பஸ் விட்டால் போதும்.