டிஆர்பி ஸ்பயர் கேபிள் டிஸ்க் பிரேக்: இறக்கத்தில் எந்த வேகம் வரை கை பதறாது?

இறக்கத்தில் எவ்வளவு வேகம் உங்களுக்குச் சரிப்படும் என்று பத்து சைக்கிள்காரர்களிடம் கேட்டால் 25 கி.மீ. முதல் 80 கி.மீ. வரை பத்து விதமான பதில் வரும். ஆனால் அதே ஆள், அதே சாலை, அதே சைக்கிள். காய்ந்த தரையில் 50-இல் இறங்குகிறவர் மழை பிடித்தால் 28-க்கு வந்துவிடுவார். இதில் தைரியத்தின் பங்கு குறைவு. லிவரை அழுத்தினால் சைக்கிள் எங்கே போய் நிற்கும் என்பது கைக்குத் தெரிந்திருக்கிறதா என்பதுதான் விஷயம். தெரிந்த வரைக்கும் வேகம் சுகமாக இருக்கும், அதைத் தாண்டினால் தோள் இறுகும். ஆகவே ஒரு பிரேக் இறக்கத்துக்கு உதவுமா என்று பார்க்க, அது அந்த எல்லையை எவ்வளவு தள்ளி வைக்கிறது என்று பார்த்தால் போதும். டிஆர்பி ஸ்பயரையும் அப்படித்தான் இங்கே எடைபோடுகிறோம்.

டிஆர்பி நிறுவனத்தின் ஸ்பயர், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக்: சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டை (ரோட்டர்), காலிப்பர் என்ற கவ்வி இருபக்கப் பேடுகளால் அழுத்தி நிறுத்தும். இதன் தனிச்சிறப்பு ஒன்றே ஒன்று: இரண்டு பக்கப் பேடும் நகரும். கேபிள் டிஸ்க் பிரேக்குகளில் பலவற்றில், அவிட் பிபி7 உட்பட, வெளிப்பக்கப் பேட் மட்டுமே நகரும். உள்பக்கப் பேட் சுவர்போல நிற்க, ரோட்டர் வளைந்துபோய் அதன்மேல் சாயும். அதுவும் நிறுத்தத்தான் செய்யும். ஆனால் லிவர் நகர்வில் ஒரு பகுதி ரோட்டரை வளைப்பதிலேயே போய்விடும், விரலுக்குக் கொஞ்சம் கொழகொழவென்று இருக்கும். ஸ்பயர் ரோட்டரை நடுவில் வைத்துக் கவ்வுவதால் பிடி எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் துல்லியமாகத் தெரிகிறது. இறக்கத்தில் இந்தத் துல்லியத்துக்குத்தான் காசு.

முதலில் கணக்கு. 8 சதவீதச் சரிவில், முன்னால் ஏதோ இருக்கிறது என்று உணர்ந்து விரல் லிவரை அழுத்த ஒரு விநாடி ஆகும் என்று வையுங்கள். அதன்பின் பதற்றமில்லாத ஒரு பிடி, அதாவது சமதளத்தில் 0.4 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) வேகக்குறைப்பு தரும் பிடி. அதில் சரிவே 0.08 ஜி-யைத் தின்றுவிடும். அப்படியானால் 30 கி.மீ. வேகத்தில் நிற்க 19 மீட்டர் வேண்டும். 40-இல் 31, 50-இல் 45, 60-இல் 61 மீட்டர். வளைவுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியும் சாலை 30 மீட்டர்தான் என்றால், எந்த பிரேக் போட்டிருந்தாலும் 40-க்கு மேல் போவது குருட்டாம்போக்கு. சைக்கிள் கணினியில் தெரியும் உச்ச வேகத்தைவிட இந்த அட்டவணையை மனப்பாடம் செய்வது உபயோகமானது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நல்ல பிரேக் போட்டால் குறைந்த தூரத்தில் நிற்கும் என்று நினைக்கிறோம். காய்ந்த சாலையில் அது பெரும்பாலும் பொய். சாலை சைக்கிளில் ஏறத்தாழ 0.6 ஜி வந்தாலே பின்சக்கரம் தூக்கத் தொடங்கும். இறக்கத்தில் அதற்கும் முன்பே. அந்த எல்லையை, சக்கர வளையத்தைப் பிடிக்கும் நல்ல ரிம் பிரேக்கும் தொடும், ஸ்பயரும் தொடும், கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்கும் தொடும். வித்தியாசம், அந்த எல்லைக்குப் போக விரல் எவ்வளவு பலம் கொடுக்க வேண்டும் என்பதிலும், பத்து நிமிட இறக்கத்துக்குப் பிறகும் அந்தப் பலம் விரலில் மிச்சமிருக்கிறதா என்பதிலும்தான் இருக்கிறது. ஸ்பயர் இந்த விஷயத்தில் நடுவில் நிற்கிறது. ஹைட்ராலிக்குக்கு ஒரு விரல் போதும். ஸ்பயருக்கு ஹேண்டிலின் கீழ்ப்பிடியில், அதாவது டிராப்பில், இரண்டு விரல் வேண்டும். மேலே ஹூட்டில், அதாவது லிவரின் ரப்பர் உறைப்பிடியில், கை வைத்து நீண்ட சரிவில் இறங்கினால் இரண்டு விரலும் மரத்துப்போகும். லிவரின் அச்சு மேலே இருக்கிறது, ஹூட்டிலிருந்து பிடிக்கும்போது விரல் அதற்குப் பக்கத்தில் இருப்பதால் நெம்பு குறைவு. ஸ்பயர் வைத்திருப்பவர் இறக்கம் தொடங்குமுன் டிராப்புக்கு வந்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் "கேபிள் பிரேக்கில் பலம் இல்லை" என்று குறை சொல்பவர்கள் நிறைய.

சூட்டுக்கு வருவோம். ஆள், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 90 கிலோ, அதே 8 சதவீதச் சரிவு. பிரேக்கே தொடாமல் விட்டால் காற்று தடுத்து ஏறத்தாழ 64 கி.மீ.-இல் வேகம் நிலைத்துவிடும். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே 20-இல் இறங்கினால் பிரேக்குகள் இரண்டும் சேர்ந்து சுமார் 330 வாட் சூட்டை விழுங்க வேண்டும். 37-இல் இறங்கினால் 450 வாட். இதுதான் உச்சம். 55-இல் வெறும் 260 வாட், மீதியைக் காற்றே பார்த்துக்கொள்ளும். பயந்தவர்கள் எல்லோரும் 30-லிருந்து 40-க்குள் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வருவார்கள். அதாவது, பிரேக் மிக அதிகமாகச் சுடும் இடத்தைத் தேடிப் பிடித்து அங்கேயே தங்குகிறார்கள். நேரான இடத்தில் விட்டுவிடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து மார்பில் காற்றை வாங்குங்கள். வளைவுக்கு முன் மூன்று நான்கு விநாடி அழுத்தி இறக்கி, மறுபடி முழுக்க விடுங்கள். ரோட்டர் ஆற நேரம் கிடைக்கும்.

சூட்டில் ஸ்பயருக்கு ஓர் அனுகூலம் உண்டு: கொதிக்க எண்ணெய் இல்லை. ஹைட்ராலிக்கில் டாட் என்ற வகை பிரேக் திரவம் பழையதாகி ஈரம் இழுத்துக் கொதிநிலை குறைந்திருந்தால், நீண்ட இறக்கத்தில் லிவர் ஹேண்டில் வரை வந்துவிடக்கூடும். ஸ்பயரில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் பேட் சூடேறி வழுக்குவது எதற்கும் உண்டு. அது ரெசின் (பிசின் கலந்த) பேடில் சீக்கிரம் வரும், உலோகப் பேடில் தாமதமாக. சாமான் ஏற்றி இறங்குபவர்கள் உலோகப் பேட் போடுவது நல்லது. சத்தம் கொஞ்சம் கூடும், குளிரில் முதல் பிடி மந்தமாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: சில ரோட்டர்களில் ரெசின் பேட் மட்டும் என்று பொறித்திருக்கும். அவற்றில் உலோகப் பேட் போட்டால் ரோட்டர் அரித்துப்போகும். பேட் கிடைப்பதில் சிரமம் இல்லை. ஷிமானோ பி01எஸ் வடிவமேதான்.

இனி பொருத்துவது. ஸ்பயர் நல்ல பிரேக்கா மோசமான பிரேக்கா என்பது முக்கால்வாசி இங்கேதான் முடிவாகிறது.

காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் காலிப்பர் ஆடுமளவு தளர்த்துங்கள். இருபக்கப் பேட் அட்ஜஸ்டரையும் 3 மி.மீ. அலன் கீயால் திறந்து, பேட்கள் உள்ளே போகும் அளவு சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டையும் சமமாக உள்ளே திருப்பி ரோட்டரைக் கவ்வ வையுங்கள். காலிப்பர் தானாக நடுவுக்கு வரும். அந்த நிலையிலேயே போல்ட்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, 6 முதல் 8 நியூட்டன் மீட்டரில் முடியுங்கள். ஒரே போல்ட்டை ஒரேயடியாக இறுக்கினால் காலிப்பர் அரை மில்லிமீட்டர் திரும்பிவிடும், பிறகு நாள் முழுக்க "சிங், சிங்" என்று உரசிக்கொண்டே வரும்.

அடுத்து கேபிள். கேபிள் இறுக்கத்தை மாற்றும் திருகான பேரல் அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருப்பி ஒரு சுற்று மட்டும் வெளியே எடுங்கள். கேபிள் இழுக்கும் காலிப்பர் கை அதன் ஓய்வு நிலையில் முழுக்கத் திரும்பியிருக்க வேண்டும். கேபிளை இழுத்துக் கட்டும் ஆசையில் அந்தக் காலிப்பர் கையையும் சேர்த்து மேலே தூக்கிவிடாதீர்கள். கட்டியபின் லிவரைப் பத்து முறை பலமாக அழுத்துங்கள். ஹவுசிங் (கேபிளின் வெளியுறை) தன் குழிகளில் உட்காரும், கேபிள் தொய்யும். மறுபடி இழுத்துக் கட்டுங்கள். கடைசியில் இரண்டு பேட் அட்ஜஸ்டரையும் ரோட்டர் உரசும் வரை உள்ளே திருப்பி, கால் சுற்று வெளியே எடுத்தால் முடிந்தது. லிவர் நகர்வில் மூன்றில் ஒரு பங்கில் பிடி தொடங்க வேண்டும். முழுப் பலத்தோடு அழுத்தினாலும் லிவருக்கும் ஹேண்டிலுக்கும் இடையே ஒரு விரல் இடம் இருக்க வேண்டும்.

பேட் தேயத் தேய எல்லோரும் செய்யும் தவறு, கைக்கு எளிதாக எட்டும் பேரல் அட்ஜஸ்டரை மட்டும் திருப்பிக்கொண்டே போவது. லிவர் மறுபடி இறுக்கமாகிவிடும், சரியாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் ஓய்வு நிலையிலேயே காலிப்பர் கை பாதி தூரம் போய் நிற்கிறது. மிச்சமிருக்கும் நகர்வு குறைந்துவிட்டது, நெம்பும் கோணமும் கெட்டுவிட்டது. மெதுவாகப் போகும்போது இது தெரியாது. 50 கி.மீ.-இல், கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால், லிவர் கல்போல இறுகி நிற்க சைக்கிள் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்போதுதான் தெரியும். தேய்மானத்தைப் பேட் அட்ஜஸ்டரில்தான் ஈடுகட்ட வேண்டும், அதுவும் இருபக்கமும் ஒரே அளவு. உள்பக்க அட்ஜஸ்டருக்கு சக்கரக் கம்பிகளின் (ஸ்போக்) இடுக்கில் அலன் கீயை நுழைக்க வேண்டியிருப்பதால் பலர் வெளிப்பக்கத்தை மட்டும் திருப்பிவிட்டு விடுகிறார்கள். இரண்டு பேட் நகரும் பிரேக்குக்குக் காசு கொடுத்து வாங்கி, ஒற்றைப் பேட் பிரேக்காக ஓட்டுகிறார்கள். இந்த இடுக்கு வேலைதான் ஸ்பயரின் மிகப் பெரிய எரிச்சல்.

ஹவுசிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண பிரேக் ஹவுசிங் சுருள் கம்பி. பின்பக்க பிரேக்குக்கு நீளமாக ஓடும்போது அழுத்தத்தில் சுருங்கி, பலத்தில் ஒரு பகுதியை அதுவே சாப்பிட்டுவிடும். பிரேக்குக்கென்றே செய்த, சுருங்காத ஹவுசிங் போட்டால் காலிப்பரையே மாற்றியதுபோல இருக்கும். வளைக்கக் கடினம், ஹேண்டிலுக்கு அடியில் கூர்மையாகத் திருப்ப முடியாது, கொஞ்சம் நீளம் விட்டுத்தான் வெட்ட வேண்டும். அது கைவசம் இல்லையே என்று கியர் ஹவுசிங்கைப் போடவே கூடாது. பிரேக் இழுக்கும் பலத்தில் அது பிளந்து வெடிக்கும்.

எந்த லிவரோடு சேரும் என்பதையும் வாங்குமுன் பாருங்கள். ஸ்பயர் சாலை சைக்கிள் லிவருக்கானது, குறைந்த கேபிள் இழுப்பு. நேர் ஹேண்டிலில் வரும் வி-பிரேக் லிவர் அதிகம் இழுக்கும். அதோடு சேர்த்தால் பிடி கெட்டியாகத் தோன்றும், பலம் வராது. அதற்கென்று ஸ்பைக் என்ற மாதிரி தனியாக இருக்கிறது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் மாறிப்போகும், கவனம்.

புதுப் பேட் போட்டவுடன் நேராக மலைச்சரிவுக்குப் போகாதீர்கள். ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில் 25 கி.மீ. வரை ஏற்றி, நடை வேகத்துக்கு இறக்குங்கள், ஆனால் முழுக்க நிறுத்தாதீர்கள். இருபது முறை. பிறகு இன்னும் கொஞ்சம் அதிக வேகத்திலிருந்து பத்து முறை. பேடின் பொருள் ரோட்டர் மேல் சீராகப் படிந்தபின்தான் முழுப் பிடி வரும். செயினுக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கும்போது ஒரு துளி ரோட்டரில் பட்டாலும் வேலை கெட்டது. ரோட்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வைத்துத் துடைக்கலாம், பேடில் ஊறிவிட்டால் மாற்றுவதே உத்தமம்.

மழையில்தான் ஸ்பயர் தன் விலையைத் திருப்பித் தருகிறது. ரிம் பிரேக் ஈரமானால் தண்ணீரை வழித்தெறியவே சக்கரம் சில சுற்றுச் சுற்ற வேண்டும். அதுவரை பிடி இருக்காது, பிறகு திடீரென்று வரும். ஸ்பயர் ஒரு சிணுங்கலோடு உடனே பிடிக்கும். அதற்காகக் காய்ந்த நாளின் வேகத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். டயர் ஈரத்தில் வழுக்குவதை எந்த பிரேக்கும் தடுக்காது. காய்ந்த சாலையில் 20 மீட்டர் ஆரமுள்ள வளைவை 0.4 ஜி பக்கவாட்டு முடுக்கத்தில் 32 கி.மீ.-இல் எடுக்கலாம். 10 மீட்டர் ஆரம் என்றால் 22 கி.மீ. ஈரத்தில் இதிலும் கால்பங்காவது குறையுங்கள். 28 அல்லது 32 மி.மீ. டயர் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்து வைப்பது பிரேக் மாற்றுவதைவிடச் சில சமயம் அதிகப் பலன் தரும்.

50-க்கு மேல் முன்பக்கம் நடுங்கத் தொடங்கினால் அது பிரேக்கின் குற்றம் என்று காலிப்பரைத் திருகாதீர்கள். சைக்கிளும் உடலும் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. மேல்குழாயை இரண்டு முழங்காலாலும் இறுகக் கவ்வி, சீட்டிலிருந்து எடையைச் சற்று எடுத்து, ஹேண்டில் பிடியைத் தளர்த்துங்கள். பிறகு பின்பிரேக்கில் மெல்ல வேகத்தை இறக்குங்கள்.

யாருக்கு இது? ஹைட்ராலிக் லிவருக்கு மாற மனமோ பணமோ இல்லாத, கேபிள் லிவர் வைத்திருக்கும் சாலை அல்லது பயணச் சைக்கிள்காரருக்கு இதைவிட நல்லது குறைவு. வழியில் கேபிள் அறுந்தாலும் ஒரு அலன் கீயும் ஒரு கேபிளும் போதும். 160 மி.மீ. ரோட்டரோடு, பார்வை திறந்த, காய்ந்த சரிவில், 80 கிலோவுக்குட்பட்ட ஆளுக்கு 45 முதல் 55 கி.மீ. வரை பதற்றம் வராது. அதே ஆள் ஹைட்ராலிக்கில் இன்னும் ஐந்து கி.மீ. கூடுதலாகச் சுகமாக இருப்பார், விரல் சோர்வு இல்லாததால். 100 கிலோவுக்கு மேல் சாமானும் சேர்ந்தால், ஃபோர்க் அனுமதிக்கும் பட்சத்தில் முன்னால் 180 மி.மீ. ரோட்டர் போடுங்கள். அல்லது ஹைட்ராலிக்குக்கே போங்கள்.

நீண்ட இறக்கத்துக்குக் கிளம்பும் முந்தின நாள் சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்துப் பேடைப் பாருங்கள். பூச்சு 0.5 மி.மீ.-க்கு வந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அதற்குக் கீழே போனால் நடுவில் இருக்கும் ஸ்பிரிங் ரோட்டரை உரசத் தொடங்கும். ரோட்டர் 1.5 மி.மீ.-க்கு மெலிந்திருந்தால் அதையும் சேர்த்து.