க ப ம த: விம்முக்கும் ஈமாக்ஸுக்கும் நடுவே ஒரு தமிழ் விசைப்பலகை

தமிழ்99 விசைப்பலகையில் ஹெச், ஜே, கே, எல் என்ற நான்கு விசைகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பவை க, ப, ம, த. நிரலும் எழுத்தும் அடிக்க உதவும் விம் எடிட்டரில் அதே நான்கும்தான் கர்சரை இடது, கீழ், மேல், வலது என்று நகர்த்துபவை. தமிழில் ஒரு பத்தி அடித்து முடித்து, எழுதும் நிலையிலிருந்து கட்டளை நிலைக்கு மாற எஸ்கேப் தட்டி, இரண்டு வரி கீழே போகலாம் என்று ஜே-வை இரண்டு முறை அழுத்தினால் கர்சர் அசையாது. விம்முக்குப் போய்ச் சேர்ந்தது 'ப்ப'. அதை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும், பாவம்? சேமித்து வெளியேறலாம் என்று டபிள்யூ, க்யூ தட்டினால் கட்டளை வரியில் விழுவது 'ஈஆ'. அப்படியொரு கட்டளையே கிடையாது என்று பதில் வரும்.

விம்மா, இன்னொரு எடிட்டரான ஈமாக்ஸா என்ற சண்டை கணினி உலகத்தின் பட்டிமன்றம். நாற்பது வருடமாக நடக்கிறது, நடுவர் மட்டும் இன்னும் வரவில்லை. இரண்டு கட்சியிலும் காலம் கழித்தவன் நான்: பதினோரு வருடம் விம், அப்புறம் நான்கு வருடம் ஈமாக்ஸ். வேகம், நினைவகம், செருகுநிரல் எண்ணிக்கை என்று அலசுகிறார்கள். 'நீ எந்த மொழியில் எழுதுகிறாய்' என்று யாரும் கேட்பதில்லை. என்னைப் பொறுத்தவரை தீர்ப்பு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

முதலில் பழைய கதை. இரண்டுமே 1976-இல் முளைத்தவை. பெர்க்லியில் பில் ஜாய் விம்மின் மூதாதையான விஐ எழுதினார். அவர் உட்கார்ந்த ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற கணினி முனையத்தில் தனி அம்புக்குறி விசைகள் இல்லை. ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. எஸ்கேப் இன்றைக்கு டேப் இருக்கும் இடத்தில் இருந்தது, சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே. வீட்டிலிருந்து 300 பாட் மோடத்தில் வேலை செய்தார். திரையில் எழுத்து நொடிக்கு முப்பது வீதம் சொட்டும். அதனால்தான் விஐ கட்டளைகள் இவ்வளவு கஞ்சத்தனமானவை: ஒரு எழுத்து, அதிகம் போனால் இரண்டு. நாம் இன்றைக்கு 'அழகியல்' என்று கொண்டாடுவது அன்றைய மோடத்தின் வறுமை.

மறுகரையில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவுக் கூடம். டெக்கோ என்ற எடிட்டருக்கு ஆளாளுக்கு எழுதிவைத்திருந்த மேக்ரோக்களை (கட்டளைத் தொகுப்புகளை) ரிச்சர்ட் ஸ்டால்மன், கை ஸ்டீல் முதலானவர்கள் ஒன்றாகத் திரட்டியதில் பிறந்தது ஈமாக்ஸ். பிற்பாடு அங்கே புழங்கிய, லிஸ்ப் என்ற நிரல்மொழிக்கென்றே செய்த கணினிகளின் விசைப்பலகையில் கன்ட்ரோல் விசை ஸ்பேஸ்பாரை ஒட்டி, கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருந்தது. பிறகு வந்த பிசி விசைப்பலகைகள் கன்ட்ரோலை மூலைக்குத் தள்ளிவிட்டன. கட்டளைக்குக் கட்டளை கன்ட்ரோலைப் பிடிக்கும் ஈமாக்ஸ்காரர்களின் இடது சுண்டுவிரல் அந்தப் பாவத்தை இன்றுவரை சுமக்கிறது. ஈமாக்ஸுக்கு மாறிய முதல் மாதம் எனக்கும் விரல் வீங்காத குறைதான். கேப்ஸ்லாக்கைக் கன்ட்ரோலாக மாற்றிய பிறகுதான் வலி விட்டது. (எந்த எடிட்டர் வைத்திருந்தாலும் இதைச் செய்யுங்கள். கேப்ஸ்லாக் இவ்வளவு நல்ல இடத்துக்குத் தகுதியே இல்லாத விசை.)

கேப்ஸ்லாக் மேல் எனக்கு இருப்பது பழைய பகை. வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு சர்வரின் அமைப்புக் கோப்பை விம்மில் திறந்து, கேப்ஸ்லாக் எரிவதைக் கவனிக்காமல், கீழே இறங்க ஜே-வைப் படபடவென்று தட்டினேன். விம்மில் பெரிய ஜே என்றால் அடுத்த வரியை இந்த வரியோடு ஒட்டு என்று பொருள். ஏழெட்டு வரி ஒரே வரியாகச் சேர்ந்துவிட்டது. பார்க்காமல் சேமித்தும் விட்டேன். சர்வர் மறுபடி எழுந்திருக்க மறுத்தது ராத்திரி பதினொரு மணிக்கு. விம்மைத் திட்ட முடியாது. கேட்டதைத்தான் செய்தது.

விம்மின் பலம் அந்த மொழிதான், மொழி என்றே சொல்வேன். டி என்றால் நீக்கு, சி என்றால் மாற்று, ஒய் என்றால் நகலெடு. அதோடு 'சொல்', 'பத்தி', 'அடைப்புக்குறிக்குள் இருப்பது' என்று எதையும் சேர்க்கலாம். வினையும் பெயருமாக வாக்கியம் அமைக்கிற மாதிரி. பத்து வினை, பதினைந்து பெயர் கற்றால் நூற்றைம்பது காரியம் கைவசம். விம்மோடு வரும் விம்டியூட்டர் பயிற்சி அரை மணி நேர வேலை. அதைத் தாண்டாதவர்கள்தான் வெளியே வரும் வழி தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்ற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கேள்வியை 2017-க்குள் பத்து லட்சம் தடவை திறந்து பார்த்திருந்தார்கள். அந்தத் தளமே அதைக் கிண்டலாகக் கொண்டாடியது.

இன்னொரு பலம், எங்கே போனாலும் இருக்கும். ஏதோ ஒரு லினக்ஸ் சர்வரில் நுழைந்து விஐ என்று தட்டினால் ஏதோ ஒரு வடிவத்தில் எழுந்து வரும். ஈமாக்ஸை அப்படி எதிர்பார்க்க முடியாது. அதற்கு ட்ராம்ப் என்று ஒரு வழி உண்டு: உங்கள் கணினியில் இருக்கும் ஈமாக்ஸிலிருந்தே தொலைவிலுள்ள கோப்பைத் திறக்கலாம். இணைப்பு நன்றாக இருந்தால் சுகம். நடுவில் அறுந்தால் ஈமாக்ஸ் மொத்தமும் திகைத்து நிற்கும்.

ஈமாக்ஸின் பலம் வேறு ஜாதி. அதை எடிட்டர் என்று சொல்வதே முழுதாகச் சரியில்லை. லிஸ்ப் மொழி ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இடம், அதில் எடிட்டரும் ஒரு குடித்தனக்காரர். கர்சரை நகர்த்துவதில் தொடங்கி மெனுவரை எதன் நிரலையும் அங்கேயே திறந்து, திருத்தி, மூடாமலே ஓட்டலாம். கார்ஸ்டன் டொமினிக் 2003-இல் தொடங்கிய ஆர்க்-மோடு என்ற ஈமாக்ஸ் தொகுப்பில் குறிப்பு, நாட்காட்டி, கணக்கு, கட்டுரை எல்லாம் வெறும் எழுத்துக் கோப்பாகவே வைத்திருக்கலாம். நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட் என்ற கருவியை, மாகிட் என்ற ஈமாக்ஸ் தொகுப்பு இல்லாமல் பயன்படுத்துவது எனக்கு இப்போது உப்பில்லாத சாப்பாடு. இவை போதாதென்று மனநல மருத்துவர் போலப் பேசும் நிரல் ஒன்று, டெட்ரிஸ் விளையாட்டு ஒன்று. 'நல்ல இயங்குதளம், ஓர் எடிட்டர்தான் குறை' என்ற விம்காரர்களின் கேலி இதனால்தான். 'எட்டு மெகாபைட், ஓயாத ஸ்வாப்பிங்' (நினைவகம் போதாமல் வட்டுக்கும் நினைவகத்துக்கும் அலைவது) என்ற பழைய நக்கலும் உண்டு. இன்றைக்கு ஒரு சாட் செயலி தின்கிற நினைவகத்தைப் பார்த்தால் எட்டு மெகாபைட்டுக்குக் கோயில் கட்டலாம்.

குணத்திலும் இரண்டும் வேறு. பிராம் மூலனார் அமிகா கணினிக்காக விம்மை எழுதத் தொடங்கியது 1988-இல், வெளியிட்டது 1991-இல். 1994-இல் உகாண்டாவின் கிபாலேயில் குழந்தைகள் மையம் ஒன்றில் தொண்டு செய்துவிட்டு வந்தவர், விம் பிடித்திருந்தால் அந்தக் குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்று கேட்டார். இன்றும் வெறும் விம்மைத் திறந்தால் முகப்பில் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லும் வரி வரும். ஸ்டால்மனின் பக்கம் இப்படி மென்மையானது அல்ல. ஜேம்ஸ் காஸ்லிங் எழுதிய ஈமாக்ஸ் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போய் விலைப்பொருளானபோது, அதன் நிரலை ஒட்டிய பகுதிகளை ஸ்டால்மன் தூக்கி எறிந்துவிட்டுத் திரும்ப எழுதினார்; 1985-இல் வெளிவந்த க்னூ ஈமாக்ஸ் அப்படி உருவானது. ஜிபிஎல் என்ற அவருடைய கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் கறார்த்தனத்தில் அந்தச் சூட்டின் பங்கு பெரிது. எனக்கு மூலனாரின் குணம் பிடிக்கும். ஸ்டால்மனின் பிடிவாதம் தேவைப்பட்டது என்றும் தெரியும்.

ஒரே மனிதர் தாங்கிய மென்பொருளுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒத்திசையாப் பணிகளுக்கான (எடிட்டரை நிறுத்தாமல் பின்னணியில் ஓடும் வேலைகளுக்கான) திருத்தம் விம்மில் ஏற்கப்படாததால் தியாகோ டி அருடா 2014-இல் விம்மின் நிரலைப் பிரித்துக்கொண்டு போனதுதான் நியோவிம். அடுத்த இரண்டே வருடத்தில் விம் 8 அதே வசதியோடு வந்தது. போட்டி இல்லாமல் வந்திருக்குமா என்பது உங்கள் யூகத்துக்கு. 2023 ஆகஸ்டில் மூலனார் மறைந்தார். கிறிஸ்டியன் பிராபண்ட் முதலானவர்கள் எடுத்து நடத்துகிறார்கள்; 2024 ஜனவரியில் வந்த 9.1 பதிப்பு மூலனாருக்குக் காணிக்கை.

நானோ என்ற எளிய எடிட்டர் பற்றி ஒரே வரி: அவசரத்துக்கு நல்லது. மைக்ரோசாஃப்டின் எடிட்டரான விஎஸ் கோடு பற்றி இரண்டு: ஊரில் முக்கால்வாசிப் பேர் அதில்தான் இருக்கிறார்கள், அதில் தப்பில்லை. அதற்காக மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய மொழிச் சேவை நெறிமுறைதான் இன்றைக்கு நியோவிம், ஈமாக்ஸ் இரண்டிலும் நிரலின் பிழைகளைச் சுட்டிக்காட்ட உதவுகிறது என்பது தனி வேடிக்கை.

சரி, தமிழுக்கு வருவோம்.

விம்மில் தொடக்கத்தில் சொன்ன 'ஈஆ' சிக்கலுக்கு விம்முக்குள்ளேயே மருந்து இருக்கிறது. இயங்குதளத்தின் தமிழ் விசைப்பலகையை அணைத்துவிட்டு, விம்மின் கீமேப் (எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற பட்டியல்) வசதியைப் பிடிக்க வேண்டும். எழுதும் நிலையில் மட்டும் தமிழ் விழும். எஸ்கேப் தட்டினால் விசைகள் பழையபடி கட்டளைகள். எஃப் தட்டி 'ழ' அடித்தால் அந்த வரியின் அடுத்த ழகரத்துக்கே தாவும். நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் தமிழ்99-க்கான கீமேப்பை நானேதான் எழுதிக்கொண்டேன். பதினெட்டு மெய், பன்னிரண்டு உயிர், 216 உயிர்மெய். புள்ளிகளும் கிரந்தமும் தனி. கையால் அடிக்காமல் பைத்தானில் ஒரு சின்ன நிரலால் உருவாக்கினேன். ஓடியது. 'அம்மா' என்று அடிக்க ஏ, கே, கே, க்யூ. புள்ளி தானாக ஏறிக்கொண்டது.

என் கண்ணில் உறுத்தியது வேறு. விம்மின் திரை கட்டம் போட்ட கணக்கு நோட்டு. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம், போனால் போகிறதென்று இரண்டு. ஆங்கிலத்துக்கும் நிரலுக்கும் அது வசதி. நம் ணகரமும் ஞகரமும் ஒரு கட்டத்துக்குள் அடங்குகிற ஆசாமிகளா? 'ணை' என்று அடித்தால் பக்கத்து எழுத்தின் மேல் சாய்ந்து உட்காரும். கட்டளைத் திரையான டெர்மினலில் கொம்பு ஓர் இடம், கால் ஓர் இடம். கர்சர் காட்டும் எழுத்து ஒன்று, அழிவது இன்னொன்று. வரைகலை விம்மிலும் கட்டம் கட்டம்தான். நாலு வரிக் குறிப்புக்குப் பரவாயில்லை. ஆயிரம் வார்த்தைக் கட்டுரையை அப்படி முறைத்துப் பார்த்துக்கொண்டு எழுத முடியாது.

ஈமாக்ஸில் தனிச் சாளரத்தில் கட்டம் கிடையாது. எந்தத் தமிழ் எழுத்துருவையும் அதன் இயல்பான அகலத்தோடு போடும். 27-ஆம் பதிப்பிலிருந்து எழுத்துகளைக் கோக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகம் பார்க்கிறது. பிரவுசர்களில் நாம் பார்க்கும் அதே நேர்த்தி. கன்ட்ரோல்-ஹெச் அழுத்தி மறுபடி ஹெச் தட்டிப் பாருங்கள்: உலக மொழிகளின் வணக்கப் பட்டியல் திறக்கும், அதில் 'வணக்கம்' புள்ளி பிசகாமல் நிற்கும். தமிழ் உள்ளீட்டு முறைகளும் கூடவே வருகின்றன: ஐட்ரான்ஸ், இன்ஸ்கிரிப்ட், ஒலியியல். கன்ட்ரோலோடு பின்சாய்கோடு தட்டினால் தமிழ். இன்னொரு தரம் தட்டினால் ஆங்கிலம். இந்த மாற்றம் அந்தந்தக் கோப்புக்கு மட்டும். இந்தப் பக்கம் தமிழில் கட்டுரை, அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் நிரல், நடுவே தாவும்போது எதையும் மாற்ற வேண்டியதில்லை. தேடல் பெட்டியிலும் அதே தமிழ் தொடரும்.

அழிப்பதில் ஒரு நுணுக்கம். 'கி' என்று நினைத்து 'கீ' அடித்துவிட்டீர்கள். ஈமாக்ஸில் பேக்ஸ்பேஸ் தட்டினால் நெடில் குறி மட்டும் போய் 'க' நிற்கும். விம்மின் இயல்பு அமைப்பில் எழுத்து முழுதாகப் போய்விடும். டெல்கம்பைன் என்ற விருப்பத்தைப் போட்டால்தான் குறி குறியாக அழியும். தமிழ்99-இல் புள்ளி தானாக ஏறும்போது தவறும் தானாக ஏறும், அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

ஆக, ஆங்கிலத்தில் நிரல் மட்டும் எழுதுபவர் என்றால் விம் அல்லது நியோவிம் எடுங்கள். ஈமாக்ஸைப் படிக்கும் ஆறு மாதத்தில் வேறு ஏதாவது உருப்படியாகச் செய்யலாம். சர்வர் வேலைக்கும் அப்படியே. தமிழில் பத்தி பத்தியாக எழுதுபவர் என்றால் ஈமாக்ஸ், இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

பதினோரு வருட விரல் பழக்கத்தை என்ன செய்வது என்ற கேள்வி பாக்கி. ஈமாக்ஸுக்குள் ஈவில் (evil, ஆங்கிலத்தில் 'தீயது') என்ற தொகுப்பைப் போட்டிருக்கிறேன். விம்மின் வினை, பெயர் எல்லாவற்றையும் அப்படியே உள்ளே கொண்டுவந்துவிடும். விம்காரர்கள் இதைக் கட்சித் தாவல் என்பார்கள், ஈமாக்ஸ்காரர்கள் பெயரிலேயே விமர்சனம் வைத்துவிட்டார்கள். ஈமாக்ஸின் உள்ளீட்டு முறையில் தமிழ் அடித்துக்கொண்டிருக்கும்போது எஸ்கேப் தட்டினால், ஈவில் அந்தத் தமிழைத் தானாக ஒதுக்கி வைக்கிறது. ஐ தட்டி எழுதத் தொடங்கினால் திரும்பக் கொண்டுவருகிறது. இப்போது பத்தி முடிந்தது, எஸ்கேப், ஜே, ஜே. கர்சர் இரண்டு வரி கீழே நிற்கிறது.