4×8 போர்சலைன் ஸ்லாப் ஒட்டப் போறவங்க இதைப் படிச்சிட்டு அட்வான்ஸ் கொடுங்க

வயிறு எரியுது, அதனாலதான் எழுதுறேன். சென்னையில் ஒரு பெரிய டைல்ஸ் ஷோரூம். ஹால் சுவருக்கும் மாடிப்படிச் சுவருக்கும் 4×8 அடி ஸ்லாப் (பலகை மாதிரி பெரிய டைல்ஸ்), 9 எம்எம் கனம், 8 பீஸ். ஸ்லாப், பசை, கூலி எல்லாம் சேர்த்து 1,84,000 ரூபாய், முழுசும் முன்பணமா வாங்கிட்டாங்க.

நம்ப வெச்சது அந்த மேனேஜர் பேச்சுதான். வாக்வம் கப் வெச்ச தூக்குற ஃப்ரேமை எடுத்துக் காட்டினார். "ஒரு ஸ்லாப் 60 கிலோ வரும் சார், வெளியாளுங்க உடைச்சிடுவாங்க. நம்ம டீமே ஒட்டும், பொறுப்பு எங்களது" என்றார். ஷோரூம் சுவரைத் தட்டிக் காட்டினார், மூலை வரைக்கும் கெட்டிச் சத்தம், அதாவது பின்னாடி எங்கேயும் காலி இல்லை. தொழில் தெரிஞ்சவர் பேசுற பேச்சு அது.

வந்த ஆட்கள்கிட்ட ஃப்ரேமும் இல்லை, பல் வெச்ச கரணையும் இல்லை. கொஞ்ச நாளிலேயே மாடிப்படி ஸ்லாப் ஒண்ணு சுவரை விட்டு விலகிடுச்சு. கழட்டிப் பார்த்தா, நாலு மூலையிலும் நடுவிலும் இட்லி அளவு பசை, மத்த இடமெல்லாம் காலி! ஸ்லாப் முதுகில் சூளைத் தூள் (சுடும்போது சூளையில் ஒட்டாம இருக்கப் பூசுற பொடி) துடைக்காம அப்படியே வெள்ளையா இருக்கு. பசை அந்தத் தூளோட உரிஞ்சு வந்திருக்கு. சுவர் மேடுபள்ளத்தை மறைக்கத்தான் இப்படிப் பொட்டு வைக்கிறது. 10 அடி மட்டப்பலகை வெச்சு, 3 எம்எம்முக்கு மேல பள்ளம் இருந்தா முதல்ல பூசி நிரவணும். அப்புறம் சுவரிலும் ஸ்லாப்பிலும் பசை தடவி, கரணைக் கோடு ஒரே திசையில் ஓடணும். அப்பதான் அழுத்தும்போது காத்து வெளியே போகும். ஹாலில் சுவிட்ச் பாக்ஸ் ஓட்டையை மூலை கூரா வெட்டியிருக்காங்க, அங்கிருந்தே விரிசல். மூலையில் முதல்ல துளை போட்டு வளைவா விட்டிருக்கணும்.

கேட்டா, "மேஸ்திரி ஊருக்குப் போயிருக்கார்." அப்புறம் "உங்க பூச்சு சரியில்லை." அப்புறம் "ஸ்லாப் கம்பெனியைக் கேளுங்க." இப்ப போனே எடுக்கிறதில்லை. 1,84,000 ரூபாய்ங்க!

உங்களுக்குச் சொல்றது: கூலியில் பாதியைத் தட்டிப் பார்த்த பிறகு கொடுங்க. பசை மூட்டையில் ஐஎஸ் 15477 (டைல்ஸ் பசைக்கான இந்தியத் தர எண்), எந்த டைப் என்று அச்சடிச்சிருக்கும், பில்லோட ஒத்துப் பாருங்க. இந்த வெயிலில் பசை சீக்கிரம் ஆடை கட்டிடும். விரலில் ஒட்டாத பசை ஸ்லாப்பிலும் ஒட்டாது. ஸ்லாப்புக்கு நடுவில் 2 எம்எம் இடைவெளி கட்டாயம். முதல் ஸ்லாப்பை ஒட்டின உடனே ஒரு தடவை கழட்டிக் காட்டச் சொல்லுங்க, மாட்டேன்னா வேலையை அங்கேயே நிறுத்துங்க.