மெக்கானிக் போன பிறகு பச்சை ஒயரைப் பாருங்கள்

கோவையில் குடியிருந்துகொண்டு மோட்டார் ரிப்பேரில் ஏமாந்தேன் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பம்புசெட்டுக்கே பேர்போன ஊர். திரும்பின பக்கமெல்லாம் லேத், வைண்டிங் கடை. போன 3,400 ரூபாயைக்கூட தொலையட்டும் என்று விட்டுவிடுவேன். எங்கள் அத்தை இன்றைக்கு உயிரோடு இருப்பது அவருடைய ஒரு பழக்கத்தால் என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் உப்புத் தண்ணிக்கு ஒரு மோட்டார். சிறுவாணித் தண்ணி விழும் தரைத்தொட்டியிலிருந்து மாடிக்கு ஏற்ற அரை ஹெச்பி மோனோபிளாக் இன்னொன்று. ஏப்ரல் கடைசியில் ஒரு காலை இந்தச் சின்ன மோட்டார் சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று உறுமியது, சுற்றவில்லை. அணைத்தேன், போட்டேன், மறுபடி அணைத்தேன், போட்டேன். ஐந்தாறு முறை இருக்கும். அது என் தப்பு. சுற்றாமல் உறுமுகிற மோட்டார் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரன்ட் இழுக்கும். அப்படியே விட்டால் நல்ல காயிலும், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருளும், கருகிவிடும். அப்போது எனக்கு இது தெரியாது.

தெரு வாட்ஸ்ஆப் குழுவில் கேட்டேன், ஒரு எண் வந்தது. அரைமணி நேரத்தில் ஆள் வந்துவிட்டார். பையிலிருந்து மீட்டர் எதையும் எடுக்கவில்லை. குனிந்து மோட்டாரை ஒருதரம் முகர்ந்தார்.

"காயில் போயிருச்சுங்க்கா. ரீவைண்டிங்தான்."

"வேற எதுவும் இருக்காதா தம்பி?"

"அக்கா, உங்களுக்குச் சொன்னா புரியாதுங்க. ஒரிஜினல் காப்பர் போட்டுத் தர்றேன். 3,400 ஆகும்."

கழற்றி வண்டியில் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் சாயங்காலம் கொண்டுவந்தார். புது வார்னிஷ் வாசனை கமகமவென்று அடித்தது. அந்த வாசனையில்தான் நான் விழுந்தேன். மாட்டி சுவிட்சைப் போட்டதும், கரன்ட் கசிந்தால் தானாக வெட்டிவிடும் ஆர்சிசிபி விழுந்து வீடே இருண்டது. மறுபடி போட்டார், மறுபடி விழுந்தது. மெயின் போர்டுகிட்டே இருபது நிமிடம் ஏதோ நோண்டிவிட்டு வந்து, "உங்க டிரிப்பர் வீக்குங்க்கா, சும்மா சும்மா விழுது. மோட்டாருக்கு நேர் லைன் குடுத்துட்டேன். இனி தொந்தரவே இருக்காது" என்றார். மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறியது. டீ செலவுக்கு என்று மேற்கொண்டு 100 ரூபாய் வேறு கொடுத்து அனுப்பினேன்.

பதினோராம் நாள். தண்ணீர் மெதுவாக ஏறுகிறதே என்று அத்தை தொட்டிப் பக்கம் போயிருக்கிறார். சிமென்ட் தரை ஈரம், காலில் செருப்பு இல்லை. மோட்டார் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்திருக்கிறார். தோசைக்கல்லானாலும் சரி, காய்ச்சல்கார நெற்றியானாலும் சரி, அவர் எப்போதும் புறங்கையால்தான் தொடுவார். ஷாக் அடித்ததும் கை மடங்கி உதறிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளங்கையால் பிடித்திருந்தால் விரல்கள் இறுகி, விடவே முடியாமல் போயிருக்கும். நான் ஓடிப்போனபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், உதடு வெளுத்திருந்தது. முதலில் மெயினை இறக்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்து, ராத்திரி வரை வைத்திருந்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள்.

மறுநாள் மாமா தனக்குத் தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டி வந்தார். நாற்பது வருடமாக வைண்டிங் வேலை. மோட்டாரைத் தொடுவதற்கு முன்னால் மெயினை இறக்கிவிட்டு அதன் ஒயர்களைக் கழற்றி, அந்த முனையில் ஒரு பல்பை மாட்டினார். மெயினைப் போட்டு, மோட்டார் சுவிட்சையும் போட்டார். பல்பு எரிந்தது. பிறகு ஆர்சிசிபியில் டெஸ்ட் பண்ணுவதற்காக இருக்கும் 'டி' பட்டனை அழுத்தச் சொன்னார். ஃபேன் நின்றது, ஃப்ரிட்ஜ் நின்றது, வீட்டில் எல்லாம் நின்றது. தொட்டி ஓரத்தில் அந்தப் பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"பாத்தீங்களா அம்மிணி? டிரிப்பருக்கு முன்னாடியே ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் எடுத்து நேரா குடுத்துட்டான். இந்த மோட்டார்ல என்ன லீக்கேஜ் ஆனாலும் அதுக்குத் தெரியாது."

30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிடுவதற்காக வைத்த கருவி அது. அது விழுந்தது வீக்காக இருந்ததால் அல்ல; சரியாக இருந்ததால்தான். அடுத்து மோட்டார் மூடிக்குள் பச்சை ஒயரைத் தேடினார். பாடிக்கு வரும் கரன்டை மண்ணுக்கு இறக்கிவிடும் எர்த் ஒயர் அது. நுனியை வெட்டி, கறுப்பு டேப் சுற்றி, மடித்துச் செருகியிருந்தது. எர்த் இருந்தால், கரன்ட் அளவுக்கு மீறினால் வெட்டும் எம்சிபி சுவிட்ச் விழும், அதனால் அதையும் வெட்டியிருக்கிறார். இரண்டு காவலையும் எடுத்துவிட்டு, மூன்றாவது காவலாக எங்கள் அத்தையை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்!

மெயினை மறுபடி இறக்கிவிட்டு மோட்டாரைப் பிரித்தார். ஒரு டார்ச்சை என் கையில் கொடுத்துக் காயிலைக் காட்டச் சொன்னார். மேலே பளபளவென்று வார்னிஷ். அதற்கு அடியில் தூசி, தூசியோடு மூன்று செத்த எறும்புகள், ஜாமில் விழுந்ததுபோல அப்படியே உறைந்து கிடந்தன. "புதுக் காயில்ல எறும்பு எப்படிங்க அம்மிணி வரும்?" என்று சிரித்தார். கம்பெனியில் கட்டின நூல்கூட அவிழ்க்கப்படவில்லை. ரீவைண்டிங் நடக்கவே இல்லை. பழைய காயில் மேல் பிரஷ்ஷால் வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். மோட்டாரில் புதிதாக இருந்தது, அதைச் சுற்றக் கிளப்பிவிடும் கண்டன்சர் ஒன்றுதான். 10 மைக்ரோஃபாரட், கடையில் நூறு ரூபாய் சொச்சம். மூடும்போது ஒரு ஒயரை மூடிக்கும் பாடிக்கும் நடுவில் வைத்து நசுக்கியிருந்ததால் தோல் பிய்ந்து செம்பு பாடியில் பட்டுக்கொண்டிருந்தது. வந்தபோது இல்லாத கோளாறு, ரிப்பேரில் வந்தது.

பெரியவர் சொன்னதை அப்படியே தருகிறேன். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் தானாகச் சுற்றத் தொடங்காது. ஸ்டார்ட்டிங் காயிலுக்குக் கண்டன்சர் வழியாகப் போகும் கரன்ட்தான் முதல் தள்ளு கொடுக்கும். கண்டன்சர் செத்தால் உறுமல் மட்டும் வரும். தண்டு துருப்பிடித்து இறுகினாலும் அதே உறுமல்தான். கோடையில் வோல்டேஜ் ரொம்ப இறங்கினாலும் அப்படித்தான். மெயினை இறக்கி, பின்பக்க ஃபேனைக் கையால் சுற்றிப் பார்த்தால் இறுக்கமா இல்லையா என்று தெரிந்துவிடும். லேசாகச் சுற்றினால் முதலில் கண்டன்சரைச் சந்தேகப்படுங்கள். கரன்ட் இருக்கும்போதே குச்சியால் ஃபேனைத் தள்ளிவிடும் வித்தையை யாராவது காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கண்டன்சரைத் தொடவும் வேண்டாம்; சுவிட்ச் அணைத்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கலாம். காயில் எரிந்திருந்தால் கருகல் நாற்றம் மூக்கைத் துளைக்கும், பிரித்தால் கறுப்பாகத் தெரியும். ரீவைண்டிங் என்று சொன்னால் உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள், பழைய காயிலைத் திருப்பிக் கேளுங்கள். செம்புக்கு எடைக்கு விலை உண்டு. வேலை நிஜமாக நடந்ததற்குச் சாட்சியும் அதுதான்.

ஆள் போன பிறகு மோட்டாரை ஓடவிட்டு, அதைத் தொடாமல் 'டி' பட்டனை அழுத்துங்கள். மோட்டாரும் சேர்ந்து நிற்க வேண்டும். நின்றாலும் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதை மெயினை இறக்கிவிட்டு, மூடியைத் திறந்து, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

அந்த ஆளுக்குப் போன் செய்தேன். "தண்ணி ஏறுச்சுல்லங்க்கா? அப்புறம் என்னங்க்கா?" என்றார். அடுத்த முறை எடுக்கவில்லை. பில் வாங்காதது என் முட்டாள்தனம். கையில் இருப்பது ஜிபே ரசீது மட்டும்.

குழுவில் போட்டதும், அவரிடம் வேலை கொடுத்த வேறு மூன்று வீடுகள் தெரியவந்தன. இரண்டு வீட்டுக்குப் பெரியவரையே கூட்டிப் போனோம். ஒன்றில் எல்லாம் சரியாக இருந்தது. மற்றதில் பச்சை ஒயர் வெட்டியிருந்தது. அந்த வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். மூன்றாவது வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்களாம். வந்ததும் மோட்டார் போட வேண்டாம் என்று கேட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.