ஸ்டேப்ளர் பின் அடித்த கதைப்புத்தகமும் பாக்கெட் ஹேங்கரும்: மழைக்காலம் கடந்த பிறகு

துணியில் வரிசையாகப் பிளாஸ்டிக் பாக்கெட் தைத்து வகுப்பறைச் சுவரில் மாட்டும் பாக்கெட் ஹேங்கரும், கூடவே வரும் மெல்லிய படக்கதைப் புத்தகங்களும் சேர்ந்த செட் இந்த வருடம் விலை இறங்கியிருக்கிறது. பெரம்பூர் பக்கம் இரண்டாம் வகுப்பு எடுக்கும் தோழி ஒருவர், "வாங்கலாமா, மர அலமாரியே போதுமா?" என்று கேட்டார். இரண்டு வரியில் அடங்காத பதில், அதனால் இங்கே. செட்டில் என்னென்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். சென்னை மழையைப் பார்த்த பிறகு அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். நடுப்பக்கம்.

பதினாறு பக்கப் படக்கதை என்பது நான்கு தாளை ஒன்றாக மடித்து, மேலே அட்டை போட்டு, மடிப்பில் இரண்டு ஸ்டேப்ளர் பின் அடித்தது. இந்தப் பின் சாதாரண இரும்புக் கம்பி, மேலே மெல்லிய துத்தநாகப் பூச்சு. வெட்டிய முனையில் பூச்சே கிடையாது, வளைத்த இடத்தில் பூச்சு விரிசல் விட்டிருக்கும். அக்டோபரில் மழை தொடங்கினால் இந்த இரண்டு இடத்திலும் துரு ஏறும். திருவொற்றியூர், சாந்தோம், திருவான்மியூர் என்று கடலை ஒட்டிய பள்ளிகளில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் மழைக்கே காத்திருக்காது. துரு காகிதத்தில் இறங்கி, ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வட்டம் விழும். அந்த வட்டத்தில் காகிதம் அப்பளம் போல நொறுங்கும். பின் மடங்கும் முனை நேராக அழுத்துவது உள்தாளை. பிள்ளைகள் புத்தகத்தை அகலமாக விரிப்பதும் அங்கேதான். ஆக, எட்டாம் பக்கமும் ஒன்பதாம் பக்கமும் உள்ள நடுத்தாள்தான் முதலில் கழன்று வரும்; அதன் மறுபுறத்து ஏழும் பத்தும் கூடவே போகும்.

படக்கதையில் அந்த இரண்டு பக்கமும் ஒரே தாளில், இடையில் வெட்டு இல்லாமல் அச்சாகிறவை. மற்ற விரிப்புகளில் இடப்பக்கம் ஒரு தாள், வலப்பக்கம் வேறு தாள்; படம் ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கிவிடும். இது தெரிந்த ஓவியர் பெரிய படத்தை நடுவில் வைப்பார். யானை முழுசாக வருவதும், ஊரே கூடி நிற்பதும் அங்கேதான். முதலில் தொலைவது அந்தப் பக்கம் என்றால் கதையின் உயிரே போகிறது. எழுத்துக் கூட்டிக் கூட்டி ஆறாம் பக்கம் வரை வந்த குழந்தை, அடுத்து பதினொன்றாம் பக்கத்தைப் பார்த்தால் என்ன செய்யும்? புத்தகத்தை மூடி வைத்துவிடும். "இவனுக்கு வாசிப்பில் ஆர்வம் இல்லை" என்று நாம் எழுதி வைப்போம்.

துருப்பிடிக்காத ஸ்டீல் பின் சந்தையில் இருக்கிறது. நூல் தையலும் இருக்கிறது. குழந்தைகளுக்கென்று புத்தகம் போடுகிறவர்கள் அட்டைக்குச் செலவழிக்கும் அக்கறையில் ஒரு துளியை மடிப்புக்குக் காட்டியிருந்தால் இந்தப் பத்திகளுக்கே வேலை இருந்திருக்காது.

சரி, கையில் இருக்கும் புத்தகங்களை என்ன செய்வது? தைக்க வேண்டும். பாரிமுனை, திருவல்லிக்கேணி பக்கத்து பைண்டிங் கடைகளில் கொடுத்தால் ஓரத்தில் இறுக்கித் தைத்துவிடுவார்கள். அப்புறம் புத்தகம் விரியாது, குழந்தை கையில் நிற்காது. மடிப்பிலேயே தைக்கச் சொல்லிக் கேளுங்கள், அல்லது நீங்களே செய்யுங்கள். பழகிய கைக்கு ஒரு புத்தகத்துக்குப் பத்து நிமிடம் ஆகாது.

புத்தகத்தை நடுவில் விரித்து, மடங்கிய பின் முனைகளைத் தட்டையான கத்தியால் நிமிர்த்துங்கள். அதன் பிறகு வெளிப்பக்கமிருந்து பின்னை உருவுங்கள். நிமிர்த்தாமல் உருவினால் காகிதமும் கிழிந்து வரும். அட்டை மடிப்பில் விரிசல் இருந்தால், தைப்பதற்கு முன்பே இரண்டு சென்டிமீட்டர் அகலக் காலிகோ (பைண்டிங்) துணிப் பட்டையை வெள்ளை பசையால் மடிப்பின் வெளிப்பக்கம் ஒட்டிக் காயவிடுங்கள். மடிப்பில் மூன்று ஓட்டை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் விளிம்பிலிருந்து மூன்று விரல் தள்ளி ஒவ்வொன்று. பழைய துரு ஓட்டையில் தைக்காதீர்கள், ஒரு சென்டிமீட்டராவது தள்ளிப் போடுங்கள். நூல் புத்தக உயரத்தைப் போல இரண்டரை மடங்கு. பருத்தி நூலை மெழுகுவர்த்தியில் ஒரு இழுப்பு இழுத்தால் ஈரம் ஏறாது, சிக்கும் விழாது. காசிமேட்டில் கிடைக்கும் வலை நைலான் உறுதியானதுதான், ஆனால் அது காகிதத்தை அறுத்துவிடும்.

உள்ளேயிருந்து நடு ஓட்டை வழியாக வெளியே, மேல் ஓட்டை வழியாக உள்ளே, நடுவைத் தாண்டி நேராகக் கீழ் ஓட்டை வழியாக வெளியே, மறுபடி நடு ஓட்டை வழியாக உள்ளே. நூலின் இரு முனையும் உள்பக்கம் ஓடும் நீளத் தையலின் இருபுறமும் வர வேண்டும். அந்தத் தையலையும் சேர்த்துப் பிடித்து முடிச்சுப் போடுங்கள். அவ்வளவுதான்.

செல்லோ டேப் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு கோடையில் மஞ்சளாகி, பசை கசிந்து, பாக்கெட் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும். மைதாப் பசை கரப்பானையும் வெள்ளிப்பூச்சியையும் அழைத்து வரும். பூச்சி வராமலிருக்கச் சில பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டும் வயதுப் பிள்ளைகளின் புத்தகத்தில் அது இருக்கவே கூடாது. கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இனி ஹேங்கர். இதை மனமாரப் புகழ வேண்டும்.

பின் அடித்த மெல்லிய புத்தகத்துக்குத் தலைப்பு அச்சிடும் முதுகே கிடையாது. அலமாரியில் செருகினால் ஐம்பது புத்தகமும் ஐம்பது வெள்ளைக் கோடுதான். எழுத்துக் கூட்டத் தொடங்கியிருக்கும் குழந்தை அந்தக் கோடுகளில் எதைத் தேடும்? பாக்கெட்டில் அட்டை முழுசாக முன்னால் தெரிகிறது. தலைப்பைப் படிக்கத் தெரியாத பிள்ளையும் "அந்தப் பூனை புக்கு" என்று கை நீட்டி எடுக்கிறது. அட்டை முகம் காட்டி நிற்பதாலேயே புத்தகம் கைக்குப் போகிறது. இத்தனை தூரம் வேலை செய்யும் என்று எதிர்பார்க்கவில்லை.

இன்னொரு பயனும் உண்டு. அட்டையின் வெளிப்பக்கம் மட்டும் லேமினேஷன் செய்திருப்பதால் மழைக்காலத்தில் உள்பக்கக் காகிதம் ஈரம் குடித்து விரியும், அட்டை வெளிப்புறமாகச் சுருளும். பாக்கெட்டுக்குள் இருந்தால் சுருள முடியாது.

மாட்டும் விதத்தில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். செட்டோடு வரும் இரண்டு வளையத்தில் ஆணி அடித்து மாட்டினால் நடு தொங்கி, வளையம் கிழியும். இருபது பாக்கெட்டில் இரண்டிரண்டு புத்தகம் என்றால் மூன்று கிலோ வரும், பிள்ளைகள் கீழ்நோக்கி இழுக்கும் இழுப்பு தனி. மேல் மடிப்பைப் பிரித்து, முக்கால் இஞ்ச் பி.வி.சி. பைப்பை உள்ளே விட்டு மூன்று கொக்கியில் மாட்டுங்கள். மேல் வரிசை பாக்கெட்டின் வாய் தரையிலிருந்து 110 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஏழு வயதுக் குழந்தையின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலான வகுப்புகளில் கரும்பலகை உயரத்துக்கு மாட்டி வைத்திருக்கிறார்கள். அது பார்க்க வரும் அதிகாரிக்கான உயரம்.

மழை அடிக்கும் வெளிச்சுவரில் ஈரம் ஊறும், உள்சுவரில் மாட்டுங்கள். ஜன்னல் வெயில் நேராகப் படுகிற இடமும் ஆகாது; ஏப்ரல், மே சூட்டில் பிளாஸ்டிக் இளகி லேமினேஷனோடு ஒட்டும். ஒவ்வொரு பாக்கெட்டின் அடி மூலையிலும் பஞ்சிங் மெஷினால் ஒரு ஓட்டை போட்டால் காற்று போகும், பூஞ்சை பிடிக்காது. விடுமுறைக்குப் பூட்டுவதற்கு முன் புத்தகங்களை வெளியே எடுத்து வையுங்கள்.

எல்லாப் புத்தகத்தையும் ஒரே நேரத்தில் தொங்கவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு போதும். திங்கட்கிழமை பாதியை மாற்றுங்கள், சண்டை போட்டு எடுக்கும் புத்தகத்தை மட்டும் தொடாதீர்கள். ஒவ்வொரு பாக்கெட்டின் உள்ளேயும் அந்தப் புத்தக அட்டையின் கலர் ஜெராக்ஸைச் சின்னதாக வைத்தால், குழந்தையே படத்தைப் பார்த்து உரிய இடத்தில் திருப்பி வைக்கும். பாக்கெட் காலியாகத் தெரிந்தால் எந்தப் புத்தகம் வெளியே இருக்கிறது என்பதும் தெரியும். பதிவேடு வேண்டாம்.

படிநிலை பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கத்தில் "நுழை, நட, ஓடு, பற" என்று அழகாகப் பெயர் வைத்துப் புத்தகங்களைப் பிரித்திருக்கிறார்கள். அந்தப் பிரிப்பு ஆசிரியருக்கு உதவுவது. அதையே ஹேங்கரில் வரிசை வரிசையாக ஒட்டினால் எந்தப் பிள்ளை எந்த வரிசை என்று வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் கீழ் வரிசைப் பக்கம் யாரும் போகமாட்டார்கள். பின் அட்டையில் சின்ன நிறப் பொட்டு போதும். முன்னால் எல்லாம் கலந்தே தொங்கட்டும்.

தொங்கவிட்டால் மட்டும் எல்லாப் புத்தகமும் எடுபடாது. டீச்சர் வாய்விட்டு வாசித்த புத்தகம்தான் மறுநாள் காணாமல் போகும். முதல் நாள் நிறுத்தாமல், கேள்வி கேட்காமல், குரல் ஏற்றி இறக்கி ஒரே மூச்சில் வாசியுங்கள். அடுத்த நாள் வரிக்குக் கீழே விரல் ஓட்டி வாசியுங்கள். மூன்றாம் நாள் திரும்பத் திரும்ப வரும் வரியைப் பிள்ளைகளிடம் விடுங்கள். அதன் பிறகு இரண்டு பிரதியைப் பாக்கெட்டில் போடுங்கள். இருவருக்கு ஒரு புத்தகம், தோளோடு தோள். கடைசியில் கதையை அவர்கள் பேச்சிலேயே சொல்லச் சொல்லுங்கள். "வந்துவிட்டாள்" என்று அச்சில் இருப்பதை "வந்துட்டா" என்று சொல்லும் குழந்தை சரியாகப் புரிந்துகொண்டுதான் சொல்கிறது. அந்த இடத்தில் திருத்தினால் வாய் மூடிக்கொள்ளும்.

எழுத்து அளவில் செட்டுக்குச் செட்டு தரம் மாறுகிறது. கருத்த படத்தின் மேல் வெள்ளை எழுத்து அச்சடித்தால் முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி; "பக்கம்" என்பதைக் குழந்தை "பககம" என்று வாசித்துத் திகைக்கும். எழுத்து சிறுத்தால் ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் போய்விடும். தமிழில் வரி முடிவில் சொல்லை உடைத்தால் இணைப்புக்கோடு போடும் வழக்கமும் இல்லை: "விளையா" மேலே, "டினாள்" கீழே என்றால் ஏழு வயதுக்கு அவை இரண்டு தனிச் சொற்கள். ஒன்றாம் வகுப்புக்கு 24 பாயின்ட் எழுத்து, வரிக்கு நான்கைந்து சொல், உடைக்காத வரி வேண்டும்.

இத்தனை புகழ்ந்த பிறகு தோழிக்கு என் பதில்: செட்டாக வாங்க வேண்டாம். இந்த வருடம் தைத்த கட்டு இன்னும் மேசையில் கிடக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு வேறு பதில் சொல்ல முடியவில்லை. ஹேங்கரை மட்டும் தனியாகத் தைத்துக்கொள்ளுங்கள்; காடா துணியும் தடித்த பிளாஸ்டிக் ஷீட்டும் கொடுத்தால் தெருமுனைத் தையல் கடையிலேயே முடியும். புத்தகத்துக்கு, பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக இருக்கின்றன. முதல் நிலைக் கதைகள் 250 சொல்லுக்குள் முடியும். பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக வரும்படி பார்த்து, ஜெராக்ஸ் கடையில் "புக்லெட்" முறையில் இருபுறமும் அச்சடிக்கச் சொல்லுங்கள். ஆக்கியோர் விவரம் உள்ள கடைசிப் பக்கத்தையும் விடாமல் சேருங்கள். கடைக்காரர் ஸ்டேப்ளரை எடுப்பதற்கு முன்பே தாள்களைக் கையில் வாங்கிவிடுங்கள். வீட்டில் தைத்துக்கொள்ளலாம்.

அச்சுப் புத்தகமே வேண்டுமென்றால் ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. புத்தகக் காட்சிக்குப் போங்கள். அட்டையையும் விலையையும் பார்ப்பதற்கு முன் நடுப்பக்கத்தை விரியுங்கள். நூல் தெரிந்தால் இரண்டு பிரதி எடுங்கள். பின் தெரிந்தால், விற்பனையாளரிடம் நூல் தையலில் எப்போது போடப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு நகருங்கள்.