சாலினோமைசினா, டைக்ளாசுரிலா? சொந்தமாகத் தீவனம் கலக்கும் பண்ணைக்கு எது ஏற்றது

செங்குன்றம் பக்கம் கறிக்கோழியோடு சில வான்கோழிகளையும் வளர்க்கும் நாங்கள், இரத்தக் கழிச்சலைத் தடுக்கத் தீவனத்தில் சாலினோமைசின் சேர்ப்பதை விட்டு டைக்ளாசுரிலுக்கு மாறினோம். சொன்ன அளவில் சேர்த்தால் இரண்டுமே நோயை அடக்கும். எங்கள் முடிவுக்குக் காரணம், அளவு தவறினால் கோழியின் தசைக்கு நேரும் கதிதான்.

சாலினோமைசின் டன்னுக்கு 60 கிராம் சேர வேண்டும். 12 சதவீதப் பிரீமிக்ஸ் (மருந்தை மாவோடு முன்கூட்டியே கலந்து விற்கும் தூள்) என்றால் 500 கிராம். மண்வெட்டியால் புரட்டிக் கலக்கும் இடத்தில் ஒரு மூட்டைக்குக் குறைவாகவும் அடுத்த மூட்டைக்கு இரண்டு மூன்று மடங்காகவும் போய்ச் சேர்ந்துவிடக்கூடும். அளவு மிஞ்சினால் தசைச் செல்லுக்குள் சோடியமும், அதைத் தொடர்ந்து கால்சியமும் பெருகி, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகித் தசைநார்கள் மடிகின்றன. கோழி நெஞ்சைத் தரையில் பதித்து, கால்களைப் பின்னால் நீட்டிப் படுத்துவிடும். கண்ணில் தெளிவு இருந்தும் எழ முடியாது. அறுத்துப் பார்த்தாலும் பல சமயம் தசையில் வெளிறிய கீற்றுகளுக்கு மேல் எதுவும் தெரியாததால், வெள்ளைக் கழிச்சலோ (ராணிக்கெட் நோய்) என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

கோழிக்குரிய சரியான அளவே வளர்ந்த வான்கோழியைக் கொல்லக்கூடியது என்பது எங்களுக்குக் கூடுதல் கவலை. மழைக்காலத்தில் சளிக்காகத் தண்ணீரில் தரும் டயாமுலின், சாலினோமைசினைக் கல்லீரல் சிதைத்து வெளியேற்றுவதைத் தடுப்பதால், சரியாகக் கலந்த தீவனமும் நஞ்சாகிவிடுகிறது, இரண்டுக்கும் இடையே குறைந்தது 7 நாள் இடைவெளி வேண்டும்.

டைக்ளாசுரில் டன்னுக்கு 1 கிராம்தான், 0.5 சதவீதப் பிரீமிக்ஸில் 200 கிராம். சற்றுக் கூடினாலும் தசையைத் தாக்குவதில்லை, டயாமுலினோடும் மோதுவதில்லை, வான்கோழிக்கும் ஆகும். ஆனால் அளவு இவ்வளவு சிறியது என்பதால், முதலில் சில கிலோ மக்காச்சோள மாவில் கலந்து, பிறகு முழுத் தீவனத்தில் சேர்ப்பது அவசியம். கிருமி இதற்கு விரைவில் பழகிவிடுவது பெரிய குறை. சாலினோமைசினுக்கு அது மெதுவாகவே நடக்கிறது. எனவே தொடர்ந்து இதையே போடாமல், இடையிடையே சில பேட்ச்களுக்கு ஆம்ப்ரோலியம் என்ற வேறொரு இரத்தக் கழிச்சல் மருந்துக்கு மாறுகிறோம்.

சாலினோமைசின் வகையைச் சேர்ந்த மதுராமைசினை நாங்கள் கருதவே இல்லை. 5 பிபிஎம் (டன்னுக்கு 5 கிராம்) என்ற சரியான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே இடம் மிகக் குறுகலானது. மிக்சர் இயந்திரம் உள்ள, கோழி மட்டுமே வளர்க்கிற, டயாமுலினைத் தொடாத பண்ணைக்குச் சாலினோமைசின் இன்றும் நல்ல தேர்வுதான்.