நிக்கோ ஏரிக்கரை ஓட்டலுக்கு இடைத்தரகர் வழியாகப் பணம் கட்டவிருப்போர் கவனத்திற்கு

ஜப்பானின் நிக்கோ மலைப்பகுதியில், சூசென்ஜி ஏரிக்கரையில் உள்ள மேற்கத்திய பாணிப் பழைய ஓட்டலில் தங்க விரும்பி, வெளிநாட்டு முன்பதிவு இணையதளம் எதற்காவது பணம் கட்ட இருப்பவர்கள் இதை முழுவதும் படித்துவிட்டு முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சென்ற இலையுதிர்காலத்தில் நான் என் பெற்றோரை அங்கே அழைத்துச் சென்றேன். ஏரியைப் பார்த்த அறை, இரவு உணவும் காலை உணவும் உட்பட என்று சொல்லி எங்களிடம் பணம் வாங்கிய நிறுவனம், உணவு எதுவும் சேராத, மலைப்பக்கம் பார்த்த அறையைத்தான் எங்கள் பெயருக்கு ஓட்டலில் பதிவு செய்திருந்தது. ஓட்டல்காரர்கள் மீது எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. அவர்கள் பெயரை வைத்துத்தான் எங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்.

அந்த இணையதளம் வலை விரித்ததே வரலாற்றைக் காட்டித்தான். 1873 முதல் இயங்கிவரும் ஏரிக்கரை ஓட்டல் என்றும், ஐன்ஸ்டைன் தங்கிய இடம் என்றும், ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். 1873இல் கனயா ஸென்இச்சிரோ என்பவர் தம் வீட்டிலேயே வெளிநாட்டுப் பயணிகளைத் தங்கவைக்கத் தொடங்கியதும், 1878இல் ஆங்கிலேயப் பயணி இசபெல்லா பேர்ட் அந்த வீட்டில் தங்கியதும், 1893இல் அது இன்றைய இடத்துக்கு மாறி முழு ஓட்டலானதும், 1922இல் ஐன்ஸ்டைன் வந்து தங்கியதும் உண்மைதான். ஆனால் அந்த நிக்கோ கனயா ஓட்டல் இருப்பது கீழே ஊருக்குள், ஷின்கியோ என்னும் சிவப்புப் பாலத்துக்கு அருகில். சூசென்ஜி ஏரியோ கடல்மட்டத்திலிருந்து 1,269 மீட்டர் உயரத்தில், இரோஹாசகா மலைப்பாதையின் வளைவுகளையெல்லாம் ஏறிக் கடந்த பிறகு வருவது. கீழே உள்ள ஓட்டலின் வயதையும் மேலே உள்ள ஏரியின் படத்தையும் ஒட்டவைத்து, எங்குமே இல்லாத ஒரு மூன்றாவது ஓட்டலை அந்த நிறுவனம் விற்றுக்கொண்டிருக்கிறது.

இந்த ஒட்டுவேலை தேவையே இல்லாதது என்பதுதான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது. ஏரிக்கரைக்கென்று தனி வரலாறு உண்டு. டோக்கியோவின் கோடை வெப்பத்துக்குத் தப்பி அயல்நாட்டுத் தூதர்கள் இங்கேதான் வந்து தங்கினார்கள். பிரிட்டிஷ் தூதர் எர்னஸ்ட் சேட்டோ 1896இல் கட்டிய வீடு பிறகு பிரிட்டிஷ் தூதரகத்தின் கோடை இல்லமாயிற்று. அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த இத்தாலியத் தூதரகக் கோடை இல்லம் 1928இல் எழுந்தது. இரண்டையும் இன்று பொதுமக்கள் பார்க்கலாம். இத்தாலிய இல்லத்தின் சுவரிலும் கூரையின் உட்புறத்திலும் செடார் மரப்பட்டைகளைப் பாய் முடைந்ததுபோல் விதவிதமான வடிவங்களில் பதித்திருக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் அதற்கென்று நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

பொய்யான வழிக்குறிப்பு எங்களுக்குச் செய்த கேடு சிறிதல்ல. இரோஹாசகாவில் ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்குவதற்கு ஒரு பாதை, இரண்டிலும் சேர்த்து 48 கொண்டை ஊசி வளைவுகள். சாதாரண நாளில் நிக்கோ ரயில் நிலையத்திலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம் அல்லது அதற்குச் சற்று மேல் ஆகும். ஆனால் அக்டோபர் பிற்பகுதியில், இலைகள் சிவக்கும் நாட்களில், வண்டிகள் அந்த வளைவுகளில் வரிசை கட்டி நின்றுவிடும். நடந்து போகும் தூரம் என்று எழுதித் தந்ததை வைத்துக்கொண்டு மதியத்துக்கு மேல் நிக்கோ வந்து இறங்கிய நாங்கள், ஓட்டல் வாசலை அடைந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி. பேருந்தில் பாதி வழி நின்றுகொண்டே வந்தார்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்மணி எங்கள் வவுச்சரையும் தம்மிடம் இருந்த பதிவுத் தாளையும் அருகருகே வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். பெயர் சரியாக இருந்தது, தேதி சரியாக இருந்தது. ‘ஏரி பார்த்த அறை’ என்று எங்கள் தாளில் இருந்த இடத்தில் அவர்கள் தாளில் ‘மலைப்பக்கம்’ என்று இருந்தது. ‘இரு வேளை உணவு’ என்ற இடத்தில் ‘உணவு இல்லை’ என்று இருந்தது. அம்மா சைவம் என்பதை முன்பதிவின்போதே குறிப்பிட்டு, அதற்கென்று தனிக் கட்டணமும் கட்டியிருந்தோம். அதற்குரிய கட்டம் அவர்கள் தாளில் வெறுமையாகக் கிடந்தது. “உள்ளூர் வரி” என்று அந்த இணையதளம் முன்கூட்டியே ஒரு தொகை வாங்கியிருந்தது. அங்கே உள்ளூர் வரி என்பது வெந்நீரூற்றுக் குளியலுக்கான வரி என்றும், அதை ஓட்டல்தான் வசூலிக்கிறது என்றும், அது எங்களிடமிருந்து இன்னும் வந்து சேரவில்லை என்றும் அவர் சங்கடத்தோடு சொன்னார். பொதுவாக அந்த வரி ஒருவருக்கு ஓர் இரவுக்கு 150 யென் அளவுதான். எங்களிடம் வாங்கப்பட்டதோ அதைப் போலப் பல மடங்கு.

இத்தகைய ஓட்டல்களில் இரவு உணவு என்பது பிரெஞ்சு முறையில் வரிசையாகப் பரிமாறப்படுவது. எத்தனை பேர் என்று முன்பே கணக்கிட்டுத்தான் சமையற்கூடம் பொருள் வாங்குகிறது. அன்று ஓர் இருக்கைகூட மிச்சமில்லை. வெளியே போய்ச் சாப்பிடலாம் என்றால், ஏரிக்கரைக் கடைகளில் பெரும்பாலானவை பகல்நேரப் பயணிகளை நம்பியவை. பொழுது சாய்ந்ததும் அடைத்துவிடுகிறார்கள். மலையிறங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப அந்நேரத்தில் பேருந்தும் இல்லை. இறைச்சிச் சாறு சேராத சூப் தங்களிடம் இல்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, ரொட்டியும் வெண்ணெயும் நறுக்கிய பழங்களும் அவர்களாகவே அறைக்கு அனுப்பிவைத்தார்கள். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். எழுபதைத் தாண்டிய இருவர், இவ்வளவு பணம் கட்டிய பிறகு, அந்தக் குளிரில் ரொட்டியைத் தின்று படுக்க நேர்ந்ததை என்னால் இன்றளவும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் காலை ஓட்டலின் சொந்த இணையதளத்தைப் பார்த்தேன். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட அதே வகை அறையின் விலை, நாங்கள் கட்டியதில் ஏறத்தாழப் பாதிதான். அந்த நிறுவனத்துக்கு எழுதியபோது முதலில் ஓட்டலின் தவறு என்றார்கள். ஓட்டல் தன்னிடம் இருந்த பதிவின் விவரத்தை எழுத்தில் தந்த பிறகு, தாங்கள் வெறும் தளம் மட்டுமே, பதிவு செய்தவர் இன்னொரு மொத்த விற்பனையாளர் என்றார்கள். அந்த விற்பனையாளரின் பெயரைக் கேட்டால் பதில் இல்லை. கடைசியாக, அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருவதாகவும், அதை ஏற்றால் புகாரைத் திரும்பப் பெற்றதாகக் கருதப்படும் என்றும் எழுதினார்கள். நான் ஏற்கவில்லை. வவுச்சர், விளம்பரப் பக்கத்தின் படம், ஓட்டல் தந்த கடிதம் மூன்றையும் இணைத்து, கிரெடிட் கார்டு வழங்கிய வங்கியில் முறையீடு செய்திருக்கிறேன். அது நிலுவையில் இருக்கிறது.

ஜப்பானில் பயண முகவர் தொழில் செய்பவர்கள் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். முறையான நிறுவனங்கள் பதிவு எண்ணைத் தங்கள் தளத்திலேயே காட்டுகின்றன. நாங்கள் பணம் கட்டிய தளத்தில் எந்த நாட்டின் பதிவும் இல்லை, அலுவலக முகவரியும் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே உணவு சேர்ந்த கட்டணத்தைப் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்றும், உணவில்லாத கட்டணத்தை அறைக்கு இவ்வளவு என்றும் குறிப்பிடுவது உண்டு. இடைத்தரகர்கள் இரண்டையும் ஒரே வரியில் குழப்பிவிடும்போது நாம் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்பதே புலப்படாமல் போகிறது. அங்கே இருக்கும்போதே சிக்கல் வந்தால், ஜப்பானின் தேசிய நுகர்வோர் விவகார மையம் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே தொலைபேசி உதவி எண் ஒன்றை நடத்துகிறது. அங்கே ஆங்கிலத்திலும் பேசலாம்.

இத்தகைய தளத்தில் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் பயண நாள் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் பெயரையும் தேதியையும் குறிப்பிட்டு, அறை எந்தப் பக்கம் பார்த்தது, உணவு சேர்ந்திருக்கிறதா, சைவ உணவுக் கோரிக்கை வந்து சேர்ந்ததா என்று ஓட்டலுக்கு நேரடியாக இன்றே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். போதிய நாட்களுக்கு முன்பே தெரிவித்திருந்தால் அம்மாவுக்கென்று தனியாகச் சமைத்திருப்போம் என்று அந்த ஓட்டலின் உணவகப் பொறுப்பாளர் என்னிடம் சொன்னார்.